சக்கர இடைத்தட்டுகளும் மாற்றுச் சக்கரங்களும்

சக்கர இடைத்தட்டு என்பது காரின் ஹப்பிற்கும் சக்கரத்திற்கும் இடையில் பொருத்தப்படும் வட்ட வடிவ உலோகத் தட்டு ஆகும். இது வீல் ஸ்பேசர் என்ற பெயரில் பரவலாக அறியப்படுகிறது. சக்கரத்தை வண்டியின் நடுக்கோட்டிலிருந்து வெளிப்புறமாகத் தள்ளி வைப்பதே இதன் பணி. கார் தயாரிப்பாளர் கொடுத்த சக்கரத்திற்குப் பதிலாக வேறு நிறுவனம் தயாரித்த சக்கரத்தைப் பொருத்தும்போது அது மாற்றுச் சக்கரம் எனப்படுகிறது. அதிவேகச் செயல்திறன் கார்களில் இவை இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே பயன்படுத்தப்படுகின்றன. அகலமான டயருக்கு இடம் ஏற்படுத்துதல், பெரிய பிரேக் காலிப்பரில் சக்கரத்தின் ஆரக்கால்கள் உரசாமல் தடுத்தல், தட அகலத்தைக் கூட்டுதல், தோற்றத்தை மாற்றுதல் ஆகியன இதற்கான முக்கியக் காரணங்கள்.

அளவுகள் சரியாக இருந்து முறையாகப் பொருத்தப்பட்டால் இடைத்தட்டு பாதுகாப்பானதே. ஒரு போல்ட்டின் நீளமோ, அது அமரும் பரப்பின் வடிவமோ தவறினால் ஓடும் வண்டியிலிருந்து சக்கரம் கழன்று விழக்கூடும்.

அடிப்படை அளவுகள்

ஒரு சக்கரம் ஒரு காருக்குப் பொருந்துமா என்பதைப் பின்வரும் அளவுகள் தீர்மானிக்கின்றன.

துளைவட்ட விட்டம்: போல்ட் துளைகளின் மையங்கள் வழியாகச் செல்லும் வட்டத்தின் விட்டம் இது. பி.சி.டி. என்று சுருக்கமாக வழங்கப்படுகிறது. 5×112 என்றால் 112 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் 5 துளைகள் உள்ளன என்று பொருள். 5×112, 5×114.3 ஆகிய இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். எனினும் ஒவ்வொரு துளையும் 1.15 மி.மீ. விலகியிருப்பதால், வலிந்து முடுக்கினால் போல்ட் சாய்ந்து நின்று தளர்ந்துவிடும். ஒரே மாதிரிக் காரிலும் இந்த அளவு மாறக்கூடும். சுபாரு டபிள்யூ.ஆர்.எக்ஸ். எஸ்.டி.ஐ. கார் 2004 வரை 5×100 அளவையும், 2005 முதல் 5×114.3 அளவையும் கொண்டிருந்தது.

மையத்துளை விட்டம்: சக்கரத்தின் நடுவிலுள்ள துளையின் விட்டம். இத்துளை ஹப்பின் நடுவே நீண்டிருக்கும் விளிம்பின் மீது இறுக்கமாக அமர்ந்து சக்கரத்தை மையத்தில் நிறுத்துகிறது. 2017இல் வெளிவந்த ஹோண்டா சிவிக் டைப்-ஆர் காரும், பி.எம்.டபிள்யூ.வின் முந்தைய தலைமுறை 3 வரிசைக் கார்களும் 5×120 அளவையே கொண்டவை. ஆனால் ஹோண்டாவின் மையத்துளை 64.1 மி.மீ., பி.எம்.டபிள்யூ.வினுடையது 72.6 மி.மீ. எனவே பி.எம்.டபிள்யூ. சக்கரத்தின் போல்ட் துளைகள் ஹோண்டாவுடன் ஒத்துப்போனாலும், சக்கரம் ஹப்பின் மீது தளர்வாகவே அமரும். இந்த இடைவெளியை நிரப்ப மையவளையங்கள் பயன்படுகின்றன.

ரிம் அகலமும் விட்டமும்: இவை அங்குலத்தில் குறிக்கப்படுகின்றன.

சுமைத்தகுதி: ஒரு சக்கரம் தாங்கக்கூடிய அதிகபட்ச எடை. இது அந்த அச்சின் அதிகபட்சச் சுமையில் பாதிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஜப்பானியச் சக்கரங்களில் காணப்படும் ஜே.டபிள்யூ.எல். முத்திரை, அந்நாட்டின் இலகு உலோகச் சக்கரத் தரநிலையைக் குறிக்கிறது.

ஆஃப்செட் கணக்கு

சக்கர அகலத்தின் நடுக்கோட்டிற்கும், சக்கரம் ஹப்பைத் தொடும் பரப்பிற்கும் இடையிலுள்ள தூரம் ஆஃப்செட் எனப்படும். தொடும் பரப்பு நடுக்கோட்டிற்கு வெளிப்புறமாக இருந்தால் அது நேர் ஆஃப்செட் ஆகும். இந்த எண் குறையக் குறையச் சக்கரம் வெளியே வரும். இடைத்தட்டின் தடிமனை ஆஃப்செட்டிலிருந்து கழித்தால் கிடைப்பது செயல்படும் ஆஃப்செட்.

ஏழாம் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜி.டி.ஐ. காரை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இதன் துளைவட்டம் 5×112, மையத்துளை 57.1 மி.மீ. பல சந்தைகளில் இது 18 அங்குல விட்டம், 7.5 அங்குல அகலம், 49 மி.மீ. ஆஃப்செட் உள்ள சக்கரத்துடன் விற்கப்பட்டது. 7.5 அங்குலம் என்பது 190.5 மி.மீ.; அதில் பாதி 95.25 மி.மீ. ஆகவே தொடும் பரப்பிலிருந்து ரிம்மின் வெளிவிளிம்பு 46.25 மி.மீ. வெளியேயும், உள்விளிம்பு 144.25 மி.மீ. உள்ளேயும் இருக்கும்.

இதே சக்கரத்துடன் 10 மி.மீ. இடைத்தட்டைச் சேர்த்தால், செயல்படும் ஆஃப்செட் 39 ஆகிறது. சக்கரம் முழுவதும் 10 மி.மீ. வெளியே நகர்கிறது.

இடைத்தட்டு இல்லாமல் 8.5 அங்குல அகலமும் 45 ஆஃப்செட்டும் உள்ள மாற்றுச் சக்கரத்தைப் பொருத்தினால் வெளிவிளிம்பு 62.95 மி.மீ., உள்விளிம்பு 152.95 மி.மீ. என அமையும். அதாவது வெளிப்புறம் 16.7 மி.மீ., உட்புறம் 8.7 மி.மீ. கூடுகிறது. உட்புறக் கூடுதலால் டயர் சஸ்பென்ஷன் தண்டில் உரசலாம். அதைத் தவிர்க்க 10 மி.மீ. இடைத்தட்டைச் சேர்த்தால் உட்புறம் பழைய நிலைக்கு ஏறக்குறைய திரும்பும். ஆனால் வெளிப்புறம் மொத்தம் 26.7 மி.மீ. நீண்டு, டயர் மட்கார்டு விளிம்பைத் தொடும் வாய்ப்பு உண்டாகும். சக்கரம் வாங்குவதற்கு முன் இக்கணக்கைப் போட்டு, காரில் உள்ள இடைவெளியை அளந்து ஒப்பிடுவது அவசியம். முன்சக்கரங்களுக்கு ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுமையாகத் திருப்பி அளக்க வேண்டும்.

இடைத்தட்டின் வகைகள்

வழுக்கித் தட்டு: 3 முதல் 5 மி.மீ. தடிமனுள்ள மெல்லிய தட்டு. பெரும்பாலும் இதில் மையவிளிம்பு இருக்காது. தட்டின் தடிமன் அளவுக்கு ஹப் விளிம்பு மறைந்துவிடுவதால், சக்கரம் மையத்தில் அமரப் போதிய விளிம்பு மீதமுள்ளதா என்று பார்க்க வேண்டும்.

மையவிளிம்புத் தட்டு: இதன் உட்புறம் ஹப் மீது அமர்கிறது, வெளிப்புறத்தில் அதே விட்டத்தில் புதிய விளிம்பு உள்ளது. நீளமான போல்ட்டுகள் தட்டின் வழியாக ஹப்பில் முடுக்கப்படுகின்றன.

போல்ட் பொருத்தும் தட்டு: இது முதலில் தனிப் போல்ட்டுகளால் ஹப்பில் இறுக்கப்படும். பிறகு சக்கரம் இத்தட்டில் உள்ள மரைகளிலோ ஸ்டட்டுகளிலோ இறுக்கப்படும். உள்ளிருக்கும் போல்ட்டுகளுக்கு இடம் தேவைப்படுவதால் இவ்வகை பொதுவாக 15 முதல் 20 மி.மீ. தடிமனில் தொடங்குகிறது. சக்கரத்தைக் கழற்றினால் மட்டுமே உள்போல்ட்டுகளைச் சோதிக்க முடியும் என்பது இதன் குறை.

இடைத்தட்டுகளைக் கார் தயாரிப்பாளர்களும் வழங்கியதுண்டு. போர்ஷே நிறுவனம் 911 காரின் சில வகைகளுக்கு 5 மி.மீ. இடைத்தட்டுகளை விருப்பத் தேர்வாக அளித்துள்ளது. அதற்குரிய நீளமான போல்ட்டுகளும் உடன் வழங்கப்பட்டன.

போல்ட் சுமையைத் தாங்கும் முறை

வண்டியின் எடை போல்ட்டுகளின் மீது தொங்குகிறது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. உண்மையில், முடுக்கப்பட்ட போல்ட் மிகச் சிறிதளவு நீள்கிறது. நீண்ட போல்ட் சுருங்க முயல்வதால் சக்கரமும் ஹப்பும் ஒன்றோடொன்று அழுத்தப்படுகின்றன. இந்த அழுத்தத்தால் எழும் உராய்வே சுமையைத் தாங்குகிறது. கோல்ஃப் காரில் 14 மி.மீ. போல்ட்டை 120 நியூட்டன் மீட்டர் அளவுக்கு முடுக்கும்போது ஒவ்வொரு போல்ட்டும் தோராயமாக 40 கிலோநியூட்டன் விசையுடன் சக்கரத்தை அழுத்துகிறது. ஒரு சக்கரத்தின் மீது நிற்கும் எடை ஏறத்தாழ 4 கிலோநியூட்டன் மட்டுமே.

எனவே அழுத்தம் குறையும் எந்த நிலையும் ஆபத்தானது. ஹப்பில் துரு, சக்கரத்தின் பின்புறம் தடித்த பெயின்ட், தட்டுகளுக்கு இடையே மண் ஆகியவை இருந்தால், சில கிலோமீட்டர் ஓட்டத்தில் அவை நசுங்கி, போல்ட்டின் நீட்சி குறைந்து அழுத்தம் போய்விடும். அதன்பின் சக்கரம் நுண்ணிய அளவில் நகரத் தொடங்கும். போல்ட்டுகள் முன்னும் பின்னும் வளைந்து, களைப்புற்று முறியும். ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு இடைத்தட்டுகளை அடுக்கக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

மரைப் பிடிப்பு

5 மி.மீ. இடைத்தட்டைச் சேர்த்துவிட்டுப் பழைய போல்ட்டையே பயன்படுத்தினால், 1.5 மி.மீ. மரை இடைவெளி உள்ள போல்ட்டில் மூன்றுக்கும் மேற்பட்ட சுற்றுகள் குறைந்துவிடும். 14×1.5 போல்ட்டுக்குக் குறைந்தது 7.5 முழுச் சுற்றுகள் பிடிக்க வேண்டும் என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் விதி. இது சுமார் 11 மி.மீ. ஆழம். தட்டின் தடிமன் எவ்வளவோ, அவ்வளவு நீளம் கூடுதலான போல்ட்டை வாங்குவதே சரியான முறை. 27 மி.மீ. போல்ட் இருந்த இடத்தில் 10 மி.மீ. தட்டுக்கு 37 மி.மீ. போல்ட் தேவை.

அளவுக்கு மீறிய நீளமும் கேடு விளைவிக்கும். பின்சக்கர ஹப்பினுள் கைபிரேக் பாகங்கள் இருக்கும் கார்களில், நீண்ட போல்ட்டின் முனை அவற்றில் இடித்துச் சேதப்படுத்தலாம். புதிய போல்ட்டைப் பொருத்தியபின் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்ப்பது இதனால்தான்.

போல்ட் அமரும் பரப்பு

போல்ட்டின் தலைக்குக் கீழுள்ள பகுதி சக்கரத்தின் துளையில் அமரும் வடிவம் நிறுவனத்திற்கு நிறுவனம் மாறுகிறது. ஃபோக்ஸ்வாகனும் ஹோண்டாவும் கோள வடிவத்தைப் பயன்படுத்துகின்றன. மாற்றுச் சக்கரங்களில் பெரும்பாலானவை 60 பாகைக் கூம்பு வடிவத்தைக் கொண்டவை. கோளத் தலை போல்ட்டைக் கூம்புத் துளையில் முடுக்கினால், அது முழுப் பரப்பிலும் படியாமல் மெல்லிய வளையக் கோட்டில் மட்டுமே தொடும். டார்க் ரென்ச் சரியான அளவைக் காட்டினாலும் சக்கரம் உறுதியாக நிற்காது. எனவே மாற்றுச் சக்கரத்திற்கு எந்த வடிவப் போல்ட் தேவை என்பதை அச்சக்கரத்தைத் தயாரித்த நிறுவனத்தின் குறிப்பிலிருந்து உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்.

ஓட்டத்தில் ஏற்படும் விளைவுகள்

தட அகலம் கூடும்போது, வளைவுகளில் உட்புறச் சக்கரத்திலிருந்து வெளிப்புறச் சக்கரத்திற்கு மாறும் எடை குறைகிறது. ஆனால் இந்த ஆதாயம் சிறியது. 1500 மி.மீ. தட அகலமுள்ள காரில் இருபுறமும் 10 மி.மீ. தட்டு வைத்தால், எடை மாற்றம் ஏறத்தாழ 1.3 விழுக்காடு மட்டுமே குறையும்.

இதற்கு ஈடாகச் சில இழப்புகளும் உள்ளன. சக்கரம் வெளியே நகர்வதால் வீல் பேரிங்கின் மீதான நெம்பு விசை கூடி, அதன் ஆயுள் குறையலாம். சஸ்பென்ஷன் சுருள் சற்று மென்மையானதுபோல் செயல்படும். ஸ்டீயரிங் திரும்பும் அச்சு தரையைத் தொடும் புள்ளிக்கும் டயரின் நடுவிற்கும் இடையிலுள்ள தூரம் மாறுவதால், மேடுபள்ளங்களில் ஸ்டீயரிங் கையில் இழுக்கும். முன்சக்கர இயக்கமுள்ள கார்களில் வேகமெடுக்கும்போது இந்த இழுப்பு மிகுதியாகத் தெரியும்.

சக்கரத்தின் எடையும் முக்கியமானது. எடை கூடிய சக்கரத்தை வேகமெடுக்கச் செய்யவும் நிறுத்தவும் கூடுதல் ஆற்றல் தேவை. சாலைக்குழிகளில் டயர் தரையைப் பற்றும் திறனும் குறையும். ஜப்பானின் ரேஸ் நிறுவனம் 1996இல் வெளியிட்ட டி.இ.37 என்ற வார்ப்படியற்ற, அடித்து உருவாக்கப்பட்ட சக்கரத்தின் பெயரே அதன் எடையைக் குறிக்கிறது. 15 அங்குல விட்டமும் 6 அங்குல அகலமும் உள்ள அளவில் அது 3.7 கிலோகிராம் எடை கொண்டிருந்தது. பெரிய விட்டமுள்ள மலிவான வார்ப்புச் சக்கரம் தோற்றத்தில் கவர்ந்தாலும், ஓட்டத்தில் காரை மந்தமாக்கக்கூடும்.

டயரின் மொத்த விட்டம்

ரிம் விட்டத்தைக் கூட்டும்போது டயரின் பக்கச்சுவர் உயரத்தைக் குறைத்து மொத்த விட்டத்தை நிலையாக வைக்க வேண்டும். 225/40 ஆர்18 டயரின் விட்டம் 637.2 மி.மீ. அதற்குப் பதிலாக 225/35 ஆர்19 பொருத்தினால் 640.1 மி.மீ.; வேறுபாடு 0.5 விழுக்காட்டிற்கும் குறைவு. 235/35 ஆர்19 எனில் 647.1 மி.மீ.; வேறுபாடு சுமார் 1.6 விழுக்காடு. விட்டம் மிகுதியாக மாறினால் வேகமானி தவறான அளவைக் காட்டும்.

பொருத்தும் முறை

1. சமதளத்தில் காரை நிறுத்தி, ஜாக்கியால் உயர்த்திய பின் தாங்கிகளின் மீது வைக்க வேண்டும்.
2. ஹப் பரப்பையும் அதன் விளிம்பையும் கம்பித் தூரிகையால் துருவின்றித் தேய்த்துத் துடைக்க வேண்டும்.
3. தட்டை வைத்து, அது ஆடாமல் தட்டையாகப் படிகிறதா என்று பார்க்க வேண்டும்.
4. சக்கரத்தை வைத்து எல்லாப் போல்ட்டுகளையும் முதலில் கையால் முடுக்க வேண்டும். தயாரிப்பாளர் குறிப்பிட்டாலன்றி மரையில் எண்ணெயோ கிரீஸோ தடவக் கூடாது. வழுவழுப்பான மரை, அதே டார்க் அளவில் போல்ட்டை மிகையாக நீளச் செய்யும்.
5. நட்சத்திர வடிவ வரிசையில், டார்க் ரென்ச்சால் இரண்டு மூன்று நிலைகளில் முழு அளவுக்கு முடுக்க வேண்டும். காற்றழுத்தத் துப்பாக்கியால் இறுதி முடுக்கம் செய்வது தவறு.
6. 50 முதல் 100 கி.மீ. ஓடிய பின் மீண்டும் டார்க் அளவைச் சரிபார்க்க வேண்டும்.

தளர்வின் அறிகுறிகள்

மெதுவாகச் செல்லும்போது சக்கரத்திலிருந்து வரும் டக்டக் ஓசை, வேகத்திற்கேற்பக் கூடும் அதிர்வு, போல்ட் துளைகளைச் சுற்றித் துருக்கோடுகள் அல்லது கருந்தூள் ஆகியவை சக்கரம் தளர்ந்துள்ளதைக் காட்டும். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் வண்டியை உடனே நிறுத்த வேண்டும். தளர்ந்த நிலையில் ஓடிய போல்ட்டை மறுபடி முடுக்கிப் பயன்படுத்துவது பாதுகாப்பன்று. அதை மாற்றிவிட வேண்டும். துளைகள் நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் சக்கரத்தையும் ஒதுக்க வேண்டும்.

சட்ட நிலை

ஜெர்மனியில் சான்றளிக்கப்படாத சக்கரமும் இடைத்தட்டும் பொருத்தினால் வண்டியின் இயக்க அனுமதியே செல்லாததாகலாம். அங்கு டி.யூ.வி., டெக்ரா போன்ற ஆய்வு அமைப்புகள் மாற்றத்தைச் சோதித்துச் சான்றளிக்கின்றன. ஆஸ்திரேலியாவின் வி.எஸ்.பி. 14 விதித்தொகுப்பு, தயாரிப்பாளரே பொருத்தியதைத் தவிர மற்ற இடைத்தட்டுகளை அனுமதிப்பதில்லை. இந்தியாவில் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. இக்கட்டுப்பாட்டை உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் அளித்த தீர்ப்பில் வலியுறுத்தியது. காப்பீட்டு நிறுவனத்திற்குத் தெரிவிக்காமல் செய்த மாற்றம், விபத்துக்குப் பின் இழப்பீடு கோரும்போது சிக்கலை உண்டாக்கக்கூடும்.