நீர் நீங்கினால் சேரும். நீர் புகுந்தால் பிரியும்

நிலக்கடலை பயிரிடும் உறுப்பினருக்கும் பட்டு நெய்யும் உறுப்பினருக்கும் தொழிலில் ஒற்றுமை யாது என வினவினால், ஒன்றுமில்லை என்றே பலரும் கூறுவர். இரசாயன நூலோ வேறு விதமாகக் கூறுகிறது. கடலையிலுள்ள எண்ணெயும் பட்டு நூலும் சிறு மூலக்கூறுகள் கூடி உண்டான பெரிய மூலக்கூறுகளே. அவை சேர்வதும் பிரிவதும் ஒரே விதிக்கு உட்பட்டவை. அவ்விதியை அறிந்தால் நம் சங்கங்களுக்கு நேரும் நஷ்டங்கள் சிலவற்றைத் தவிர்க்கலாம். ஆதலின் அதனை ஈண்டு விளக்க முற்படுகிறோம்.

முதலில் எண்ணெயைக் காண்போம். கிளிசரின் என்னும் சிறு மூலக்கூறுக்கு மூன்று கைகள் உண்டு எனக் கொள்வோம். ஒவ்வொரு கையிலும் கொழுப்பு அமிலம் என்னும் நீண்ட சங்கிலி ஒன்று இணைகிறது. மூன்று அமிலங்கள் இணைய, மொத்தக் கணக்கில் மூன்று நீர் மூலக்கூறுகள் நீங்குகின்றன. நெய், தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய் யாவும் பெரும்பாலும் இவ்வமைப்பு உடையனவே. இணைந்த அமிலங்களின் வகையில்தான் வேற்றுமை. கொழுப்பு இவ்வாறு கிளிசரினும் அமிலங்களும் சேர்ந்தது என்பதைப் பிரஞ்சு விஞ்ஞானி செவ்ரல் 1823-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார்.

இனிப் புரதம். இதன் உறுப்புகள் அமினோ அமிலங்கள். புரதங்களைக் கட்டுவதற்கு இயற்கை பொதுவாக 20 வகைகளைக் கையாளுகிறது. ஒன்றன் தலையும் அடுத்ததன் வாலும் பொருந்தும்போது இங்கும் ஒரு நீர் மூலக்கூறு நீங்குகிறது. இவ்விணைப்பை 1902-இல் எமில் ஃபிஷர், ஹாஃப்மைஸ்டர் என்னும் இருவரும் தனித்தனியே எடுத்துரைத்தனர். பட்டுப் புழு, முசுக்கொட்டை இலையின் புரதத்தை அமினோ அமிலங்களாகப் பிரித்து, அவற்றைப் புது வரிசையில் கோத்துப் பட்டிழையாக்குகிறது. அவ்விழையில் மிகுந்திருப்பவை கிளைசின், அலனின், செரின் என்னும் சிறிய அமிலங்கள். ஆகவே சங்கிலிகள் பாவு இழைகள் போல் நெருங்கி அடுக்கப்பட்டு, பட்டு வலிமை பெறுகிறது.

நீர் நீங்கிச் சேர்ந்தவை, நீர் மீண்டும் புகுந்தால் பிரியும். ஆயினும் வெறும் நீரால் இது எளிதில் நிகழாது. துணை ஒன்று வேண்டும். ஈரக் கடலையில் பருப்பிலுள்ள நொதியும், அதன்மேல் படரும் பூஞ்சைக் காளானும் அத்துணையாகின்றன. எண்ணெய் பிரிந்து அமிலம் தனித்து நிற்கிறது, சுத்திகரிக்கும்போது சேதாரம் கூடுகிறது, விலை இறங்குகிறது. ஓர் உறுப்பினரின் ஈர மூட்டை பொதுக் கிடங்கில் கலந்தால், நன்கு உலர்த்திக் கொணர்ந்தவர்களும் அந்நஷ்டத்தில் பங்கு பெற நேரும். எனவே ஈரப்பதம் 8 சதவீதத்திற்கு மேற்படாதவாறு காயை உலர்த்துதல் வேண்டும். காதருகே ஆட்டினால் ஓட்டினுள் பருப்பு கலகலவென ஒலிப்பது, காய் உலர்ந்தமைக்கு அடையாளம்.

பட்டிற்குப் பகை கடுங்காரம். கச்சாப் பட்டின் பசையும் ஒரு புரதமே. அது சவுக்காரம் கலந்த வெந்நீரில் கரைந்து நீங்கும். வேலை விரைவில் முடியட்டும் என்று காஸ்டிக் சோடாவைச் சேர்த்தால், பசையோடு இழையின் சங்கிலியும் அறுபடும். பருத்தி புரதமன்று, சர்க்கரை மூலக்கூறுகள் கோத்த செல்லுலோஸ். அது காரத்தைப் பெரிதும் தாங்கும். கடும் அமிலத்திற்கே இரையாகும். ஆகவே பருத்தி வேக வைக்கும் தொட்டியில் பட்டை இடுதல் கூடாது.

கடலையை எடை போடுமுன் ஈரம் பார்ப்பதும், சாயச் சாலையில் பட்டிற்கெனத் தனிப் பாத்திரம் வைப்பதும் பெருஞ்செலவு பிடிக்கும் ஏற்பாடுகள் அல்ல. அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்திலேயே இவ்விரண்டையும் தீர்மானமாக நிறைவேற்றிச் செயற்படுத்துமாறு சங்கங்களைக் கேட்டுக் கொள்கிறோம்.