எத்தனால் ஊற்றினால் கிளைசீன் ஏன் படிகிறது?

நிறைவுற்ற கிளைசீன் கரைசல் கண்ணாடி போலத் தெளிந்திருக்கும். அதில் எத்தனாலை ஊற்றினால் கலங்கி, வெண்படிகம் அடியில் சேரத் தொடங்கும். சூடாக்கவும் வேண்டாம், குளிர வைக்கவும் வேண்டாம். அமினோ அமிலங்களைத் தூய்மையாகப் பிரித்தெடுக்க இது நல்ல வழி. ஆனால் எவ்வளவு எத்தனாலுக்கு எவ்வளவு படியும் என்று முன்கூட்டியே சொல்ல, கரைதிறன் அளவுகள் கையில் இருக்க வேண்டும்.

அமினோ அமில மூலக்கூறின் ஒரு பக்கம் நேர்மின்னேற்றமும் மறுபக்கம் எதிர்மின்னேற்றமும் உண்டு. படிகத்துக்குள் இவை ஒன்றையொன்று இறுகப் பற்றியிருக்கும். தண்ணீரின் மின்காப்பு மாறிலி 25 டிகிரி செல்சியஸில் சுமார் 78; அந்தப் பிடியைத் தளர்த்த அது போதும். எத்தனாலுக்கோ சுமார் 24தான். ஆகவே 100 கிராம் தண்ணீரில் ஏறக்குறைய 25 கிராம் கரையும் கிளைசீன், தூய எத்தனாலில் சில மில்லிகிராமோடு நின்றுவிடுகிறது.

லியூசின் கதை வேறு. தண்ணீரிலேயே 100 கிராமுக்குச் சுமார் 2 கிராம்தான் கரையும். எத்தனாலில் அதுவும் குறையும், ஆனால் கிளைசீன் அளவுக்கு விழாது. லியூசினின் எண்ணெய்த்தன்மை கொண்ட பக்கச் சங்கிலிக்குத் தண்ணீரைவிட ஆல்கஹால் இணக்கமானது. 1971-இல் யசுஹிகோ நொசாகியும் சார்லஸ் டான்ஃபோர்டும் இந்த வேறுபாட்டைக் கணக்காக்கினார்கள். பக்கச் சங்கிலி என்று சொல்ல ஏதுமில்லாத கிளைசீன் தண்ணீரிலிருந்து எத்தனாலுக்கு மாறுவதற்கான ஆற்றல் மதிப்பை மற்ற அமினோ அமிலங்களின் மதிப்பிலிருந்து கழித்தால், மிஞ்சுவது பக்கச் சங்கிலியின் பங்கு. புரதம் மடியும்போது எந்தப் பகுதி தண்ணீரை விட்டு உள்ளே ஒதுங்கும் என்று மதிப்பிட அது ஓர் அளவுகோலாயிற்று. குடுவையில் கரைந்ததை நிறுத்துப் பார்த்த வேலை புரதத்தின் வடிவம் வரை கொண்டுபோய்விட்டது என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

அளக்கும் முறையில் மர்மம் இல்லை, பொறுமைதான் வேண்டும். வெப்பம் மாறாத நீர்த்தொட்டியில் குடுவையை வைத்து, கரையாத தூள் எப்போதும் மிஞ்சும்படி போட்டு, பல மணி நேரம், சிலவேளை நாள்கணக்கில் கலக்க வேண்டும். பிறகு கலக்குவதை நிறுத்தித் தெளியவிட்டு, மேல்நீரை வடிகட்டி எடுத்து, உலர்த்தி நிறுக்க வேண்டும். எடுக்கும் ஊசிக்குழல் குளிர்ந்திருந்தால் அதற்குள்ளேயே படிகம் விழும், அளவைக் குறைத்துக் காட்டும். அதனால் குழலையும் அதே வெப்பத்தில் வைத்திருப்பார்கள்.

எல்லாக் கலவையையும் அளந்து முடியாது. அங்கேதான் கணித மாதிரிகள் உதவுகின்றன. ஆல்கஹாலின் பங்கு கூடக்கூடக் கரைதிறனின் மடக்கை நேர்கோட்டில் இறங்கும் என்பது மிக எளிய கணிப்பு. உண்மைத் தரவு பெரும்பாலும் வளையும். அந்த வளைவைப் பிடிக்க ஜூய்பான்–ஏக்ரீ சமன்பாடும், 1968-இல் ரெனானும் பிராஸ்னிட்ஸும் தந்த என்ஆர்டிஎல் மாதிரியும் உண்டு.

எந்த மாதிரியும் காப்பாற்ற முடியாத ஒரு பிழை இருக்கிறது. கிளைசீனுக்கு ஆல்ஃபா, பீட்டா, காமா என மூன்று படிக வடிவங்கள். மூன்றுக்கும் கரைதிறன் வேறு. அறை வெப்பத்தில் நிலையானது காமா. எத்தனால் கலந்தால் நிலையற்ற பீட்டா வரக்கூடும், பிறகு மெல்ல உருமாறும். எனவே கரைந்ததை நிறுத்தால் மட்டும் போதாது. அடியில் மிஞ்சிய திடப்பொருளை எக்ஸ்-கதிரில் பார்த்து, அது எந்த வடிவம் என்பதையும் எண்ணோடு சேர்த்துப் பதிய வேண்டும்.