வீட்டுப் பூச்சிகளில் நண்பர் யார், பகைவர் யார்?

மனிதன் தனக்கென்றே வீடு கட்டுகிறான். ஆயினும் அவ்வீட்டில் அவன் தனித்து வாழ்வதில்லை. அடுக்களையிலே கரப்பொத்தான், புத்தக அடுக்கிலே இராமபாணம், சுவரிலே பல்லி, கூரை மூலையிலே சிலந்தி என வாடகை கொடாத குடிகள் பல நம்முடன் வாழ்கின்றன. கனகராயன்குளம் போன்ற காடு சூழ்ந்த வன்னிக் கிராமங்களில் மாரி தொடங்கியதும் இக்கூட்டம் பெருகிவிடும். கண்டவுடன் தும்புத்தடியைத் தூக்குவதே நம்மவர் வழக்கம். எதனை அடிக்கிறோம் என்று அறிந்து அடிப்போர் மிகச் சிலரே.

இவ்வறியாமையின் விளைவை என் இல்லத்திலேயே கண்டேன். ஒரு மார்கழி மாதத்து இரவில், சுவாமி அறைச் சுவரிலே உள்ளங்கை அகலமான சிலந்தியொன்று தோன்றியது. அதன் உடலின் கீழே வெண்ணிறத் தட்டுப்போல ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. வீடே அலறிற்று. நானே அதனை அடித்துக் கொன்று, பெருங்காரியம் சாதித்தவன்போல நின்றேன். அதே வேளையில், கிணற்றடியில் மூடாது கிடந்த சீமெந்துத் தொட்டியிலே நுளம்புக் குடம்பிகள் நெளிந்துகொண்டிருந்தன. அவற்றைக் கண்டு எவரும் அலறவில்லை. சில வாரங்களின் பின் என் இளைய மகள் டெங்குக் காய்ச்சலால் வைத்தியசாலையிற் கிடந்தாள். அவள் பிழைத்தது இறைவன் அருளும் வைத்தியர் திறனுமாகும். அக்கட்டிலருகே விழித்திருந்த இரவுகளிலேதான், உருவம் பெரிதாயின் தீங்கும் பெரிது என்று எண்ணுவது எத்துணைப் பேதைமை என்பதை உணர்ந்தேன்.

கால்களை எண்ணுக

அடையாளங் காண்பதற்கு எளிய வழி கால்களை எண்ணுவதேயாகும். ஆறு கால்கள் இருப்பின் அது பூச்சியினம்: நுளம்பு, இலையான், எறும்பு, கறையான், மூட்டைப்பூச்சி, கரப்பொத்தான் யாவும் இவ்வினத்தனவே. எட்டுக் கால்கள் இருப்பின் சிலந்தி, தேள், உண்ணி ஆகியவற்றின் இனம். எண்ணில் அடங்காத கால்கள் இருப்பின் மட்டைத்தேள் அல்லது மரவட்டை. உடலின் ஒவ்வொரு வளையத்திலும் ஒரு சோடிக் கால் உடையது மட்டைத்தேள். இது விரைந்தோடும், கடித்தால் கடுத்து வலிக்கும். பெரும்பாலான வளையங்களில் இரு சோடிக் கால்கள் உடையது மரவட்டை. இது மெல்ல ஊரும், தொட்டால் சுருளும், கடிப்பதில்லை.

தேளிலும் வேறுபாடு உண்டு. தடித்த கொடுக்குக் கைகளும் மெலிந்த வாலும் உடைய பெரிய கருந்தேளைக் கண்டே மக்கள் மிக அஞ்சுவர். ஆனால் பொதுவாக மெலிந்த கைகளும் தடித்த வாலும் உடையனவே கூடிய நஞ்சுடையவை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் உள்ள, உயிருக்கே ஆபத்து விளைக்கக்கூடிய தேள் இத்தகையதே.

சுவரில் ஒட்டியிருக்கும் தட்டையான பெரிய சிலந்தி வலை பின்னி இரை பிடிப்பதில்லை. இரவிலே கரப்பொத்தானை வேட்டையாடி உண்ணும். நான் கண்ட வெண்தட்டு, தாய்ச்சிலந்தி சுமந்து காக்கும் முட்டைப் பை. எனது வீட்டுக் காவற்காரியையே நான் கொன்றிருந்தேன்.

மாங்குளத்துச் சிலந்தி

நமது அயலூரான மாங்குளம், சிலந்தியொன்றினால் உலகப் புகழ் பெற்றமை பலருக்குத் தெரியாது. 2009ஆம் ஆண்டில் அப்பகுதி மக்கள், இறந்துபோன ஆண் சிலந்தியொன்றை ஆய்வாளரிடம் காட்டினர். அதுவரை அறியப்படாத இனம் அதுவென்று கண்ட ஆய்வாளர், ஊரவர் சிலரது துணையுடன் தேடி, மரப்பொந்துகளிலும் பழைய வைத்தியசாலை விடுதியிலும் அதனைக் கண்டுபிடித்தனர். 2012இல் ‘பொய்சிலோதீரியா ராஜேயி’ எனப் பெயரிடப்பட்ட அது, கால்களை விரித்தால் ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் அகலமானது. முதிர்ந்த மரங்களையே அது நாடுகிறது. காடு அழிந்தால் வீடுகளை நோக்கி வருகிறது. கடித்தால் வலி கடுமைதான். ஆயினும் வலிய வந்து கடிப்பதன்று. கையால் தொடாது வெளியேற்றிவிடுவதே அறிவுடைமை.

சிறியதே கொடியது

இனி உண்மைப் பகைவரைக் காண்போம். கால்களில் வெள்ளை வளையங்களும் முதுகில் யாழ் வடிவான வெண்கோடும் உடைய கரிய நுளம்பே டெங்குவைப் பரப்புவதில் முதன்மையானது. இது பகலிலே, சிறப்பாகக் காலையிலும் மாலை மங்கும் முன்னரும் கடிக்கும். 2017இல் இலங்கையில் 180,000இற்கும் மேற்பட்டோருக்கு டெங்கு ஏற்பட்டதாகப் பதிவாயிற்று.

மலேரியா நுளம்பு, வால் உயர்த்தி, சுவரிற் சாய்வாக அறைந்த ஆணிபோல இருக்கும். ஏனையவை சுவருக்குச் சமாந்தரமாக இருக்கும். 1934–35இல் இந்நுளம்பு பரப்பிய கொள்ளைநோய் இலங்கையில் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டது. பெரும் போராட்டத்தின் பின், 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. ஆயினும் அவ்வாண்டின் இறுதியிலேயே, கிணறுகளிலும் தொட்டிகளிலும் பெருகும் வேறொரு மலேரியா நுளம்பினம் மன்னாரிற் கண்டறியப்பட்டது. 1963இல் 17 நோயாளர் மட்டுமே பதிவான இந்நாட்டில், அப்பத்தாண்டின் முடிவிற்குள் இலட்சக்கணக்கானோர் மீண்டும் மலேரியாவில் வீழ்ந்ததை நாம் மறத்தலாகாது.

ஆதலின் வாரம் ஒருமுறை வீட்டைச் சுற்றி வாருங்கள். சிரட்டை, பழைய ரயர், பூச்சட்டித் தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு யாவற்றிலும் தேங்கிய நீரைக் கொட்டுங்கள். தொட்டியை வெறுமையாக்கினால் மட்டும் போதாது. டெங்கு நுளம்பின் முட்டை உலர்ந்தும் பல மாதம் உயிருடன் இருக்குமாதலால், உட்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். கிணற்றுக்கு வலையிடுங்கள். காய்ச்சல் கண்டால் அஸ்பிரின் கொடாது வைத்தியரை நாடுங்கள்.

சென்ற மாரியில் மீண்டும் ஒரு பெரிய சிலந்தி எங்கள் சுவரிலே தோன்றியது. தும்புத்தடியை எடுக்க எழுந்த தாயைத் தடுத்து, “அது இருக்கட்டும் அம்மா, தொட்டியை முதலிற் பாருங்கோ” என்றாள் என் மகள். அச்சிலந்தி இன்றும் அங்கேயே காவல் புரிகின்றது.