ஒரு வீடு, இரு பேனா, ஒரே கதை

நான்கு பேர் கொண்ட குழு. மறுநாள் காலையில் ஒப்படைக்க வேண்டும். இரவு 11 மணிக்கு கூகல் ஆவணத்தைத் திறந்தால், நீங்கள் பாடுபட்டு எழுதிய பத்தியைக் காணோம். யாரோ அதை நீக்கிவிட்டு வேறொன்றை எழுதியிருக்கிறார். “அதை ஏன் அழித்தாய்?” என்று வாட்ஸ்அப் குழுவில் கேட்கிறீர்கள். பதில் வருவதற்குள் கோபம் வந்துவிடுகிறது.

உயர்நிலைப் பள்ளியிலோ தொடக்கக் கல்லூரியிலோ பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ குழுவேலை செய்த எவருக்கும் இந்தக் காட்சி புதிதன்று. சில வாரங்களில் முடிந்துவிடும் வேலைக்கே இவ்வளவு உரசல் வருகிறது. அப்படியானால், ஒரே வீட்டில் வாழ்ந்துகொண்டு ஆண்டுக்கணக்கில் ஒரே கதையைச் சேர்ந்து எழுதும் தம்பதியர் எப்படிச் சமாளிக்கிறார்கள்?

இருவர் ஒரே பெயரில் எழுதுவது என்றதும் தமிழ் வாசகர்களுக்கு ‘சுபா’ நினைவுக்கு வரலாம். ‘அயன்’, ‘கோ’ போன்ற படங்களின் பெயர்ப்பட்டியலில் அந்தப் பெயரைப் பார்த்திருப்பீர்கள். சுரேஷ், பாலகிருஷ்ணன் என்ற இரு நண்பர்களின் முதலெழுத்துகளே அந்தப் பெயர். ஆனால், நண்பர்கள் வேலை முடிந்ததும் அவரவர் வீட்டுக்குப் போய்விடலாம். தம்பதியருக்கு அந்த வசதி இல்லை. பகலில் கதாபாத்திரத்தைப் பற்றிச் சண்டை போட்டாலும் இரவில் ஒரே மேசையில்தான் சாப்பிட வேண்டும்.

அப்படியும் சேர்ந்து எழுதி வென்றவர்கள் உலகில் பலர் இருக்கிறார்கள். அவர்களின் கதைகளைக் கவனித்தால் ஒன்று புலப்படும். அவர்களைக் காப்பாற்றியது அன்பு மட்டுமன்று. தொடக்கத்திலேயே பேசி வைத்துக்கொண்ட விதிமுறைகளும்தான்.

பிள்ளைகள் தூங்கிய பிறகு

சுவீடன் நாட்டைச் சேர்ந்த மாய் ஷோவால், பேர் வாலூ இருவரும் செய்தியாளர்கள். சட்டப்படி திருமணம் செய்துகொள்ளாவிட்டாலும் தம்பதியராகவே வாழ்ந்தார்கள். இரண்டு மகன்களை வளர்த்தார்கள். 1965ஆம் ஆண்டு தொடங்கி 1975 வரை பத்து நாவல்களைச் சேர்ந்து எழுதினார்கள். ஸ்டாக்ஹோம் காவல்துறையின் மார்ட்டின் பெக் என்ற அதிகாரிதான் அந்த நாவல்களின் நாயகர்.

முதல் நாவலுக்கான விதை ஒரு படகுப் பயணத்தில் விழுந்தது. படகில் தனியாக நின்றுகொண்டிருந்த ஓர் அமெரிக்கப் பெண்ணை பேர் வாலூ சற்று அதிகமாகவே பார்த்துக்கொண்டிருந்தாராம். அதைக் கவனித்த மாய் ஷோவால், இந்தப் பெண்ணைக் கொன்று நம் கதையைத் தொடங்கலாமே என்று யோசனை சொன்னார். ‘ரோசன்னா’ நாவல், கால்வாயைத் தூர்வாரும்போது ஓர் அமெரிக்கப் பெண்ணின் சடலம் கிடைப்பதிலிருந்துதான் தொடங்குகிறது.

இருவரும் பகலில் பிழைப்புக்காக வேலை செய்தார்கள். பிள்ளைகளைத் தூங்க வைத்த பிறகு மேசையின் இருபுறமும் எதிரெதிராக உட்கார்ந்து எழுதினார்கள். ஒருவர் ஓர் அத்தியாயம் எழுத, மற்றவர் அடுத்த அத்தியாயம் எழுதுவார். பிறகு ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்துவார்.

இவ்வளவு ஒழுங்காக நடந்ததற்குக் காரணம் திட்டம். பத்து நாவல்கள், ஒவ்வொன்றிலும் 30 அத்தியாயங்கள் என்று வகுத்துக்கொண்டே எழுதினார்கள். பத்தும் சேர்ந்து ஒரே நீண்ட நாவல் என்பது அவர்களின் எண்ணம். குற்றக்கதை என்ற போர்வையில், வளமான நலவாழ்வு நாடு என்று பெயரெடுத்த சுவீடனின் மறுபக்கத்தைக் காட்ட விரும்பினார்கள்.

நடையைப் பற்றியும் முன்கூட்டியே முடிவு செய்தார்கள். கதையில் அவருடைய நடையும் வேண்டாம், இவருடைய நடையும் வேண்டாம். நூலுக்குப் பொருந்தும் ஒரு பொதுவான நடையை உருவாக்குவோம் என்று உழைத்தார்கள். அவர்களுடைய நான்காவது நாவலான ‘சிரிக்கும் காவலர்’ 1971ல் அமெரிக்காவின் எட்கர் விருதைப் பெற்றது. இன்று உலகம் முழுவதும் விற்பனையாகும் ஸ்காண்டினேவியக் குற்றக்கதைகளுக்கு இவர்களே முன்னோடிகள்.

பத்தாவது நாவலை எழுதி முடித்தபோது பேர் வாலூ கடுமையாக நோயுற்றிருந்தார். 1975 ஜூன் மாதம், 48 வயதில் அவர் காலமானார். மாய் ஷோவால் 2020 வரை வாழ்ந்தார். ஆனால், மார்ட்டின் பெக்கை வைத்துப் பதினோராவது நாவலை அவர் எழுதவே இல்லை.

பாதி வாக்கியத்தில் எழுந்து போனால்

அமெரிக்க அறிவியல் புனைகதை உலகின் கேத்தரின் மூர், ஹென்றி கட்னர் தம்பதியின் கதை இன்னும் சுவையானது.

மூர் ஒரு வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே கதைகள் எழுதினார். வேலையிடத்தில் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக ‘சி.எல். மூர்’ என்று முதலெழுத்துகளோடு வெளியிட்டார். 1933ல் வெளியான முதல் கதையே அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. அந்தக் கதைகளில் மயங்கிய இளம் எழுத்தாளர் கட்னர், 1936ல் பாராட்டுக் கடிதம் ஒன்றை அனுப்பினார். சி.எல். மூர் ஓர் ஆண் என்று நினைத்து எழுதிய கடிதம் அது! அந்தக் கடிதத்தில் தொடங்கிய நட்பு 1940ல் திருமணத்தில் முடிந்தது.

அதன் பிறகு இருவரும் பல புனைபெயர்களில் சேர்ந்து எழுதினார்கள். ‘லூயிஸ் பேஜெட்’ அவற்றுள் புகழ்பெற்றது. அவர்களை நன்கறிந்த எழுத்தாளர் ஸ்பிராக் டி கேம்ப் இப்படி நினைவுகூர்ந்திருக்கிறார்: ஒருவர் எழுதிக்கொண்டிருக்கும்போது பத்தியின் நடுவிலோ வாக்கியத்தின் நடுவிலோ எழுந்து போய்விடுவார். தாள் தட்டச்சு இயந்திரத்திலேயே இருக்கும். மற்றவர் வந்து உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்வார். கதை முடிந்த பிறகு எந்தப் பகுதியை யார் எழுதினார் என்பது அவர்களுக்கே நினைவிருக்காதாம்.

இப்படி எழுத வேண்டுமானால், ‘என் வாக்கியம்’ என்ற பிடிவாதத்தை முற்றிலும் விட்டுவிட வேண்டும். எழுதுபவருக்கு அது எளிதன்று. நாம் எழுதிய ஒரு வரியை ஆசிரியர் சிவப்பு மையால் அடித்தாலே மனம் சுருங்கிவிடுகிறதே!

மூன்றாவது எழுத்தாளர்

எல்லாத் தம்பதியராலும் ஒரே தட்டச்சு இயந்திரத்தைப் பகிர முடியாது. பிரிட்டனின் நிக்கி ஜெரார்ட், ஷான் ஃபிரெஞ்ச் தம்பதி ‘நிக்கி ஃபிரெஞ்ச்’ என்ற பெயரில் எழுதுகிறார்கள். மனைவியின் முதற்பெயரும் கணவரின் குடும்பப் பெயரும் சேர்ந்த பெயர் அது. அவர்களின் முதல் நாவல் 1997ல் வந்தது. கதையைச் சேர்ந்தே பேசிப் பேசித் திட்டமிடுவார்கள். ஆனால், ஒரே அறையில் உட்கார்ந்து எழுத மாட்டார்கள். ஒருவர் எழுதிய பகுதியை மற்றவருக்கு அனுப்புவார். பெறுபவர் அதை விருப்பம்போல் மாற்றலாம், வெட்டலாம். எந்தப் பகுதியை யார் எழுதினார் என்று வெளியில் சொல்வதில்லை.

சுவீடனின் அலெக்சாண்டர் ஆன்டோரில், அலெக்சாண்ட்ரா ஆன்டோரில் தம்பதி வேறொரு வழியைக் கண்டுபிடித்தார்கள். இருவரும் தனித்தனியாக நூல்கள் வெளியிட்ட எழுத்தாளர்கள். சேர்ந்து எழுத முயன்றபோதோ ஒத்துவரவில்லை. ஒவ்வொருவரும் தம் குரலை விட்டுக்கொடுக்கத் தயங்கினார்கள். அதனால் ‘லார்ஸ் கெப்ளர்’ என்ற மூன்றாவது எழுத்தாளரைக் கற்பனையாகப் படைத்தார்கள். அந்த எழுத்தாளருக்கு அவர் குரலும் இல்லை, இவர் குரலும் இல்லை. 2009ல் வெளிவந்த முதல் நாவல் பெரும் வெற்றி பெற்றது. யார் இந்த லார்ஸ் கெப்ளர் என்று சுவீடன் ஊடகங்கள் துப்பறியத் தொடங்கி, அதே ஆண்டில் உண்மையைக் கண்டுபிடித்தன.

அட்டையில் யார் பெயர்?

சேர்ந்து எழுதுவதில் மிகக் கடினமான கேள்வி, பாராட்டு யாருக்குப் போகிறது என்பதுதான்.

பிரிட்டிஷ் எழுத்தாளர் டிக் ஃபிரான்சிஸ் முன்னாள் குதிரைப் பந்தய வீரர். 1962 முதல் ஏறக்குறைய ஆண்டுக்கு ஒன்று என்று, பந்தய உலகைப் பின்னணியாகக் கொண்ட நாவல்களை வெளியிட்டார். அவர் 15 வயதில் பள்ளியை விட்டவர். மனைவி மேரியோ பல்கலைக்கழகப் பட்டதாரி. கதைகளுக்கு வேண்டிய தகவல்களைத் திரட்டியவர் மேரி. விமானம் தொடர்பான ஒரு நாவலுக்காக அவர் விமானம் ஓட்டவே கற்றுக்கொண்டார். கையெழுத்துப் படிகளைச் செப்பனிட்டவரும் அவரே.

ஆனால், அட்டையில் டிக் ஃபிரான்சிஸ் என்ற பெயர் மட்டுமே இருந்தது. 1999ல் வெளியான ஒரு வாழ்க்கை வரலாற்று நூல், நாவல்களை உண்மையில் எழுதியவர் மேரிதான் என்று வாதிட்டபோது பெரும் சர்ச்சை எழுந்தது. மனைவியின் பங்கு பெரியது என்பதை டிக் ஃபிரான்சிஸ் எப்போதும் ஒப்புக்கொண்டு வந்திருந்தார். மேரி 2000ல் காலமானார். அடுத்த புதிய நாவல் 2006ல்தான் வந்தது. அதற்கும் மகன் ஃபீலிக்ஸ் துணைநின்றார். 2007 முதல் அட்டையில் தந்தை, மகன் இருவர் பெயரும் இடம்பெற்றன. மேரிக்கு அந்த இடம் கிடைக்கவில்லை.

மூர், கட்னர் தம்பதியிடமும் இதே நிழல் உண்டு. பத்திரிகைகள் மூருக்குத் தந்ததைவிடக் கட்னருக்கு அதிகச் சன்மானம் தந்தன. சேர்ந்து எழுதியதற்கு அதுவும் ஒரு காரணம் என்று இருவரும் ஒளிவுமறைவின்றிச் சொல்லியிருக்கிறார்கள். குடும்பத்துக்கு அது நல்ல கணக்கு. ஆனால், கட்னரை முதலில் வியக்க வைத்த எழுத்து மூருடையது என்பதை எத்தனை பேர் நினைவில் வைத்திருந்தார்கள்? 1958ல் கட்னர் திடீரென இறந்த பிறகு மூர் தொலைக்காட்சித் தொடர்களுக்கு எழுதினார். புனைகதைகள் எழுதுவதை நிறுத்திக்கொண்டார்.

நமக்கு என்ன?

மீண்டும் அந்த இரவு 11 மணிக்கு வருவோம். பத்தியை நீக்கிய நண்பர் தவறு செய்தாரா? சொல்ல முடியாது. ஏனென்றால், நீக்கலாமா கூடாதா என்று குழுவில் யாரும் பேசவே இல்லை. பெரும்பாலான குழுவேலைகளில் நாம் முதல் நாளே வேலையைப் பிரித்துக்கொள்கிறோம்: முன்னுரை உனக்கு, முடிவுரை எனக்கு, படைப்புத் தாள்கள் அவளுக்கு. அதனால் கிடைப்பது நான்கு துண்டுகள். அவற்றைக் கடைசி இரவில் ஒட்டவைக்கப் பார்க்கிறோம்.

இந்தத் தம்பதியர் செய்தது வேறு. முதலில் சேர்ந்து உட்கார்ந்து முழுக் கதையையும் பேசினார்கள். அதன் பிறகே தனித்தனியாக எழுதினார்கள். கைமாறிய பக்கம் இருவருக்கும் சொந்தம் என்று ஒப்புக்கொண்டார்கள். நம் குழுக்கள் முதல் சந்திப்பில் அரைமணி நேரம் ஒதுக்கி இவற்றைப் பேசிக்கொள்ளலாம். யாருடைய வரியை யார் திருத்தலாம்? கருத்து வேறுபட்டால் யார் முடிவெடுப்பது? படைக்கும்போது யார் பங்கு எப்படிச் சொல்லப்படும்?

கடைசிக் கேள்வியைத் தட்டிக்கழிக்காதீர்கள். ஒவ்வொரு குழுவிலும் ஒரு மேரி இருக்கலாம். தகவல் தேடி, பிழை திருத்தி, மேற்கோள்களைச் சரிபார்த்துவிட்டு, படைப்பு நாளில் ஓரமாக நிற்பவர். அவர் பெயரையும் வேலையையும் ஆசிரியரிடம் எடுத்துச் சொல்வது மற்றவர்களின் கடமை.

விடுமுறையில் ஒரு சோதனை செய்து பாருங்கள். உடன்பிறந்தவருடனோ தோழியுடனோ சேர்ந்து ஒரு சிறுகதையைத் திட்டமிடுங்கள். முதல் பக்கத்தை நீங்கள் எழுதிக் கொடுங்கள். அது திரும்பி வரும்போது, உங்களுக்கு மிகவும் பிடித்த வாக்கியம் காணாமல் போயிருக்கலாம். கோபப்படுமுன், முழுப் பக்கத்தையும் ஒருமுறை படியுங்கள். கதை முன்பைவிட நன்றாக இருந்தால், சேர்ந்து எழுதக் கற்றுக்கொண்டீர்கள் என்று பொருள்.