உழவர் கம்பெனி மானேஜர்: வேலையின் பலனும் பாடும்

சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் பகுதிகளில் சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே வயல் ஈரத்தில் உளுந்து தெளிப்பது வழக்கம். பங்குனியில் எல்லோருடைய உளுந்தும் ஒரே சமயத்தில் களத்துக்கு வரும், விலை இறங்கும். சேர்ந்து விற்றால் கட்டுப்படியான விலை கேட்கலாம் என்பதற்காக அமைந்தவையே உழவர் உற்பத்தியாளர் கம்பெனிகள். கம்பெனிச் சட்டத்தில் 2002-ல் செய்த திருத்தம் இதற்கு வழி செய்தது. 2020-ல் மத்திய அரசு நாடு முழுவதும் இத்தகைய 10,000 அமைப்புகளை ஏற்படுத்தத் திட்டம் அறிவித்தது.

நகரத்தில் ‘ஸ்டார்ட் அப்’ எனப்படும் புதுக் கம்பெனிகளைப் போலவே இவையும் சிறு முதலில் தொடங்கி வேகமாக வளர முயல்பவை. ஆனால் இங்கே முதலாளிகள் விவசாயிகளே. முழுநேர மானேஜர், உறுப்பினர் அல்லாதவராக இருக்க வேண்டும் என்பது சட்டம். படித்த உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு ஏற்ற வேலை இது.

பலன்

பெரிய கம்பெனியில் ஒருவருக்கு ஒரு வேலைதான். இங்கே கொள்முதல், ஈரம் பார்த்தல், எடை, கணக்கு, வரி, வியாபாரியிடம் விலை பேசுதல் எல்லாவற்றையும் இரண்டு பருவத்தில் கற்றுக்கொள்ளலாம். செய்த வேலையின் பலன் சொந்த ஊர்க் களத்திலேயே தெரியும்.

பாடு

வளர்ச்சியே பணமுடையைக் கொண்டுவரும். 300 உறுப்பினர்கள் தலைக்கு 2,000 ரூபாய் பங்கு கட்டினால் 6 லட்சம். 2020 திட்டப்படி ஈடாகக் கிடைக்கும் மானியம் 6 லட்சம். ஆக 12 லட்சம். ஆளுக்கு ஒரு குவிண்டால் உளுந்து கொடுத்தால், 2024-25-ன் ஆதரவு விலையான 7,400 ரூபாயில் 22 லட்சத்து 20 ஆயிரம் வேண்டும். பற்றாக்குறை 10 லட்சத்து 20 ஆயிரம். உறுப்பினர்கள் 600 ஆனால் பற்றாக்குறையும் இருமடங்காகும். தழைச்சத்து மிஞ்சிய நெல் போலக் கம்பெனி சாய்ந்துவிடும். விவசாயி அன்றே பணம் கேட்பார். வாங்கிய மில்காரர் தவணை சொல்வார். நடுவில் நிற்பவர் மானேஜர்.

சம்பளமும் நிலையானதல்ல. அத்திட்டத்தில் நிர்வாகச் செலவுக்கு 3 ஆண்டுகளுக்கு 18 லட்சம் ரூபாய் வரையே உதவி. அது முடியும்போது கம்பெனிக்குச் சொந்த வருமானம் இல்லையென்றால், பழகிய மானேஜர் வேறு வேலைக்குப் போய்விடுவார். கணக்கும் தொடர்புகளும் அவரோடு போகும்.

உறுப்பினர்கள் செய்ய வேண்டியவை

1. மானேஜரின் வேலை, அதிகாரம், சம்பளம் ஆகியவற்றை எழுத்தில் கொடுக்க வேண்டும். இயக்குநர்கள் ஆளுக்கொரு உத்தரவு போடக்கூடாது.

2. கைமுதலுக்கு ஏற்பக் கொள்முதலை வைத்துக்கொள்ள வேண்டும். பாதி ரொக்கம், மீதி விற்ற பின் என்று முன்கூட்டியே பேசி முடிவு செய்யலாம்.

3. விதை, உரம் போன்ற ஆண்டு முழுதும் நடக்கும் விற்பனையை, உரிய உரிமம் பெற்று, முதல் ஆண்டிலேயே தொடங்க வேண்டும். அந்த லாபத்தில் ஒரு பகுதியைச் சம்பளத்துக்கென ஒதுக்க வேண்டும்.

4. வியாபாரி மூட்டைக்குச் சிறிது கூடுதலாகக் கொடுத்தாலும், ஒப்புக்கொண்ட அளவைக் கம்பெனிக்கே கொடுக்க வேண்டும்.

தனிநபர்களே உறுப்பினராக உள்ள கம்பெனியில், பங்கு எத்தனை இருந்தாலும் ஓட்டு ஒன்றுதான். எனவே சிறு விவசாயிகள் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குத் தவறாமல் சென்று, அடுத்த ஆண்டு மானேஜர் சம்பளத்துக்கு என்ன வழி என்று கேட்க வேண்டும்.