சிவப்பு வெடி வெள்ளையாவது ஏன்?

வெளியூர் வியாபாரிகள் பலர் இப்போது சிவகாசிப் பேன்சி வெடி ரகங்களைக் கைப்பேசி வீடியோவில் பார்த்துத்தான் ஆர்டர் தருகிறார்கள். அந்த வீடியோவில் சிவப்புப் பூவின் நடுப்பகுதி வெளுத்துக் கிடக்கும். ஓரத்தில் மட்டும் கொஞ்சம் சிவப்பு ஒட்டியிருக்கும். நிறம் தரும் மணிமருந்தில் குறையில்லை. நிறத்தைத் தின்றது கேமரா.

சிவப்பைத் தருவது ஸ்ட்ரான்ஷியம் உப்பு. நீலத்தைத் தருவது செம்பு. (பச்சை தந்த பேரியத்துக்கு 2018-இல் உச்ச நீதிமன்றம் தடை போட்டுவிட்டது.) கேமரா சென்சாரில் சிவப்பு, பச்சை, நீலத்துக்கெனத் தனித்தனிப் புள்ளிகள் உண்டு. ஆனால் அவற்றின் மேலுள்ள வடிகட்டிகள் கறாரானவை அல்ல. சிவப்பு ஒளி மிகுந்தால் பச்சை, நீலப் புள்ளிகளிலும் கசியும். சிவப்புப் புள்ளி நிரம்பி நின்றுவிட, மற்ற இரண்டும் ஏறிக்கொண்டே போகும். மூன்றும் நிரம்பினால் வெள்ளை. போதாக்குறைக்கு, ஆட்டோ முறையில் கேமரா கறுத்த வானத்தைப் பார்த்து வெளிச்சம் போதவில்லை என்று முடிவுகட்டி, இன்னும் ஒளியை உள்ளே விடுகிறது.

இருளையும் பளிச்சிடலையும் சேர்த்துப் பிடிக்கும் திறனை 'ஸ்டாப்' கணக்கில் சொல்வார்கள். ஒரு ஸ்டாப் கூடினால் ஒளி இரு மடங்கு. 13 ஸ்டாப் என்றால் 8,192 மடங்கு. ஒரு காலத்தில் சினிமாக் கம்பெனிகள் வாடகைக்கு எடுக்கும் கேமராக்களில்தான் இது கிடைத்தது. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் கிராண்ட் பெட்டி 2001-இல் தொடங்கிய பிளாக்மேஜிக் டிசைன், 2012-இல் 13 ஸ்டாப் கேமராவை 2,995 டாலருக்கு அறிவித்தது. சாதாரண 8 பிட் வீடியோவில் ஒரு நிறத்துக்கு 256 படிகள். இந்தக் கேமராவின் 12 பிட் 'ரா' (பதப்படுத்தாத மூலப்) பதிவில் 4,096.

எனக்குக் கேமராவைவிடப் பெரிய செய்தி மென்பொருள்தான். நிறம் திருத்தும் டாவின்சி கருவிகள் லட்சக்கணக்கான டாலர் விலையில் ஸ்டுடியோக்களில் இருந்தவை. அவற்றைச் செய்த நிறுவனத்தை 2009-இல் வாங்கிய பிளாக்மேஜிக், மறு ஆண்டே மென்பொருளை 995 டாலருக்கு விற்றது. 2011-இல் இலவசப் பதிப்பும் வந்தது. ஆப்செட் மெஷினில் லென்ஸை வைத்துப் பார்த்து மெஜந்தாவைக் கூட்டிக் குறைக்கும் சிவகாசி அச்சகக்காரருக்கு இந்த வேலை பிடிபட நாளாகாது.

ஆனாலும் வெளுத்துப்போன நிறத்தை எந்த மென்பொருளும் மீட்காது. ஆகவே வெடியைப் படமெடுக்கும்போது ஆட்டோவை அணைத்துவிட வேண்டும். பூவின் மையம் வெளுக்காத அளவுக்கு லென்ஸ் துளையைச் சுருக்கி, வானம் கறுத்தால் கறுக்கட்டும் என்று விட்டுவிட வேண்டும். நிழலைப் பிறகு ஓரளவு தூக்கலாம்.

தீராத தொல்லை ஒன்றும் உண்டு. இத்தகைய கேமராக்களின் சென்சார்கள் பல, படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கின்றன. அணுகுண்டு வெடியின் மின்னல் வெளிச்சம் அதற்குள் முடிந்துவிடுவதால் பாதிப் படம் பளிச்சென்றும் மீதி இருட்டாகவும் விழும். முழுப் படத்தையும் ஒரே சமயத்தில் பிடிக்கும் 'குளோபல் ஷட்டர்' கேமராதான் அதற்கு வழி. அதன் விலை இன்னும் கொஞ்சம் கூடுதல்.