கணக்குப் பெட்டிக்கு நடுவே ஒரு துபாஷி



கடைக்கு முதல் என்றால் சரக்கும் ரொக்கமும்தான் என்று எண்ணுகிறோம். மூன்றாவதாக ஒரு முதல் உண்டு. அது யார் எவ்வளவு தர வேண்டும் என்கிற பாக்கிக் கணக்கு. போடியில் ஏலக்காய், சின்னமனூரில் நெல், கம்பத்தில் திராட்சை என்று விளைச்சலை நம்பி வாழும் பள்ளத்தாக்கு நமது. விளைந்தது விலையானால்தான் மளிகைக் கடன் தீரும். மாதக் கணக்கில் நிற்கும் அந்தப் பற்று வரவு முன்பு பேரேட்டில் இருந்தது. இன்று பல கடைகளில் கம்ப்யூட்டரில் இருக்கிறது. பேரேட்டைக் கரையான் அரிக்காமல் காத்தோம். இதை எப்படிக் காப்பது?

தேனியில் ஒரு மொத்தக் கடையை எண்ணிக்கொள்வோம். முன்னால் பில் போடும் கம்ப்யூட்டர்கள் மூன்று. உள்ளறையில் சர்வர் ஒன்று. சர்வரில் இரண்டு டிஸ்க். இரண்டிலும் ஒரே கணக்கு பதிவாகும். ஒன்று பழுதானால் மற்றது கைகொடுக்கும். ஒரு நாள் கூட்ட நேரத்தில் மூன்று பில்லும் அப்படியே நிற்கின்றன. சற்று நேரம் கழித்துத் தாமாகவே ஓடுகின்றன. மறுநாளும் இதே கதை. "டிஸ்க் போய்விட்டது, மாற்றுங்கள்" என்கிறார் ஒருவர். மாற்றியும் தீரவில்லை. ஏன்?

இடையில் நிற்பவர் யார்?

டிஸ்க் என்பது கிடங்கு. அதில் சரக்கை வைத்து எடுக்கும் கிடங்குக்காரர்தான் கண்ட்ரோலர் என்கிற அட்டை. விண்டோஸ் முதலாளி. முதலாளி பேசுவது கிடங்குக்காரருக்கு நேரடியாகப் புரியாது. இருவருக்கும் நடுவே துபாஷியாக நிற்கும் சிறு புரோகிராமுக்கு டிரைவர் என்று பெயர். கண்ட்ரோலருக்கு உள்ளேயும் ஃபர்ம்வேர் என்கிற சொந்தப் புரோகிராம் உண்டு. டிரைவரும் ஃபர்ம்வேரும் ஒன்றுக்கொன்று பொருந்தாவிட்டால் பேச்சு தடுமாறும். கேட்டதற்குப் பதில் வராதபோது விண்டோஸ் காத்திருந்து, பிறகு எல்லாவற்றையும் மறுபடி தொடங்கச் சொல்கிறது. அந்த இடைவெளியில்தான் நம் பில் நிற்கிறது.

இந்தத் தடுமாற்றத்தை விண்டோஸ் மறைப்பதில்லை. நாட்குறிப்புப் போல எழுதி வைக்கிறது. ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். 129 என்ற எண் இருந்தால், அனுப்பிய வேலைக்குக் குறித்த நேரத்தில் பதில் வராமல் ரீசெட் செய்யப்பட்டது என்று பொருள். 153 இருந்தால் ஒரு வேலை மறுமுறை முயலப்பட்டது. 7 இருந்தால் டிஸ்கிலேயே கெட்ட இடம் உண்டு. 129 வந்த உடனே டிரைவர்தான் குற்றவாளி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கேபிளும், மின்சாரமும், டிஸ்கும்கூட அதே எண்ணை வரவழைக்கும்.

எதை முதலில் செய்வது?

முதலில், பழுது பார்ப்பதற்கு முன்பே, கணக்கை வெளி டிஸ்க் ஒன்றில் நகல் எடுங்கள். அதை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து கடைசி பில் வரை இருக்கிறதா என்று பாருங்கள். திறந்து பாராத நகல், எண்ணிப் பாராத பணக்கட்டு மாதிரி.

இரண்டாவது, சர்வரை முறைப்படி நிறுத்திவிட்டுக் கேபிள்களை இறுக்கமாகச் செருகுங்கள். யு.பி.எஸ். பேட்டரியைச் சோதியுங்கள். சில கண்ட்ரோலர் அட்டைகளில் தனிப் பேட்டரி உண்டு. அது தளர்ந்தால் எழுதும் வேகம் குறைந்துவிடும்.

மூன்றாவது, டிரைவர், ஃபர்ம்வேர் இரண்டின் பதிப்பு எண்களையும் தாளில் குறித்துக்கொண்டு, சர்வர் தயாரித்த கம்பெனி சொல்லும் பொருத்தமான ஜோடியைப் போடச் சொல்லுங்கள். கடை அடைத்த பிறகு, ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். நாலைந்தை ஒன்றாக மாற்றினால் எது தீர்த்தது, எது கெடுத்தது என்று தெரியாது. புது டிரைவர் சரிப்படாவிட்டால் டிவைஸ் மேனேஜரில் பழையதற்குத் திரும்ப வழி உண்டு. ஃபர்ம்வேருக்கு அந்த வசதி எப்போதும் இராது. அதை ஏற்றும்போது கரண்ட் போனால் அட்டையே வீணாகலாம். தீபாவளிக்கு முதல் வாரத்தில் இந்த வேலையே வேண்டாம்.

பெரிய இடத்திலும் நடந்தது

இது சிறு கடைக்காரர் தொல்லை மட்டுமல்ல. 2021 பிப்ரவரி 24 அன்று மும்பையில் தேசியப் பங்குச் சந்தை பகல் 11.40க்கு நின்றது. பிற்பகல் 3.45க்குத்தான் திரும்பத் தொடங்கி, 5 மணி வரை நடந்தது. தொலைத்தொடர்பு இணைப்புப் பழுதால் சேமிப்புச் சாதனம் சர்வர்களுக்கு எட்டாமல் போனது என்று சந்தை நிர்வாகம் விளக்கியது. கிடங்கு இருந்தும் வழி அடைபட்டது.

2019 நவம்பரில் ஹெச்.பி.இ. நிறுவனம் தன் சர்வர் டிஸ்க் வகைகள் சிலவற்றைப் பற்றி எச்சரித்தது. ஃபர்ம்வேர் பிழையால், 32,768 மணி நேரம் ஓடியதும், அதாவது 3 ஆண்டு 270 நாளில், அவை செயலிழக்கும். தகவலை மீட்க முடியாது. ஃபர்ம்வேரை மாற்றிக்கொண்டால் தப்பலாம். இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. ஒரே நாளில் வாங்கிப் போட்ட ஜோடி டிஸ்க் ஏறக்குறைய ஒரே நேரத்தில் போய்விடும். ஜோடி டிஸ்க் என்பது கடை நிற்காமல் ஓடுவதற்கு. அது நகல் ஆகாது. தவறாக அழித்த கணக்கு இரண்டிலும் சேர்ந்தேதான் அழியும்.

ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டு விவர அறிக்கைக்கான கெடு நாளிலிருந்து 72 மாதம் கணக்கைப் பாதுகாக்க வேண்டியவர்கள் நாம். வாரம் ஒரு நகலாவது கடைக்கு வெளியே, வீட்டு அலமாரியில் இருக்கட்டும்.

எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது என்பார்கள். எழுதிய கணக்கும் ஒரே பெட்டியில் மட்டும் இருந்தால் அதே கதிதான். இன்று கடை அடைக்குமுன் ஒரு நகல் எடுத்துவிடுங்கள்.